பூல் துறைமுக விராலடிப்பான்கள்

பூல் துறைமுகம் இங்கிலாந்தின் தென்கரையில் டோர்செட் பகுதியில் அமைந்துள்ள ஓர் இயற்கைத் துறைமுகம் ஆகும். ஏறத்தாழ 36 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இதன் பெரும்பகுதி ஆழம் குறைந்தது. மடவை முதலிய மீன்கள் மிகுந்திருப்பதால், மீனையே உணவாகக் கொள்ளும் விராலடிப்பானுக்கு இது ஏற்ற இடமாகும். இங்கிலாந்தின் தென்கரையில் சுமார் 180 ஆண்டுகளாக இனப்பெருக்கம் செய்யாதிருந்த இப்பறவை, 2022 ஆம் ஆண்டில் இத்துறைமுகத்தின் அருகே குஞ்சு பொரித்தது.

அழிவும் மீளறிமுகமும்

வேட்டையாலும் முட்டை சேகரிப்பாலும் விராலடிப்பான் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இங்கிலாந்தில் இனப்பெருக்கம் செய்யாது மறைந்தது. ஸ்கொட்லாந்தில் 1954 ஆம் ஆண்டில் மீண்டும் கூடு கட்டத் தொடங்கியது. எனினும் இப்பறவைகள், குறிப்பாக ஆண்கள், தாம் முதன்முதல் பறந்த இடத்தின் அருகிலேயே கூடு கட்ட விரும்புவதால் புதிய இடங்களுக்கு மிக மெதுவாகவே பரவுகின்றன.

இவ்வியல்பே மீளறிமுகத் திட்டத்தின் அடிப்படை ஆகும். 2017 முதல், ஸ்கொட்லாந்தில் எடுக்கப்பட்ட, பறக்கும் பருவத்தை எட்டாத குஞ்சுகள் பூல் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டன. கூண்டுகளில், மனிதர் கண்ணில் படாதவாறு அவற்றுக்கு மீன் அளிக்கப்பட்டது. சில வாரங்களுக்குப் பின் விடுவிக்கப்பட்ட அவை இத்துறைமுகத்தையே பிறந்த இடமாக நினைவிற் கொள்கின்றன. பேர்ட்ஸ் ஒஃப் பூல் ஹார்பர் தொண்டு நிறுவனமும் ராய் டென்னிஸ் வனவிலங்கு அறக்கட்டளையும் இத்திட்டத்தை நடத்தின.

முதல் இணை

சீஜே7 எனும் வளைய எண் கொண்ட பெண்பறவை 2015 இல் ரட்லாந்தில் பொரித்ததாகும். 2019 இல் இங்கு இதனுடன் இணைந்த ஆண்பறவை மறு ஆண்டு திரும்பவில்லை. 2019 இல் விடுவிக்கப்பட்ட 022 எனும் ஆண்பறவை 2021 இல் திரும்பி வந்தது. இவ்விரண்டும் 2022 இல் இரு குஞ்சுகளை வளர்த்தன. அவற்றுள் ஒன்று, பறக்கக் கற்ற பின்னர், கோஷாக் என்னும் காட்டு வேட்டைப் பறவைக்கு இரையானது. இதே இணை 2023 இல் மூன்று குஞ்சுகளையும் 2024 இல் நான்கு குஞ்சுகளையும் வளர்த்தது.

இளம் பறவைகள்

அடைகாத்தல் சுமார் 37 நாட்கள் நீடிக்கும். குஞ்சுகள் ஏழு முதல் எட்டு வாரங்களில் பறக்கத் தொடங்கும். வளர்ந்த பறவையின் முதுகு ஒரே சீரான கரும்பழுப்பாக இருக்கும். இளம் பறவையின் முதுகிலும் சிறகிலும் உள்ள இறகுகளின் விளிம்பு வெளிர் நிறமுடையது. கண்கள் மஞ்சளாக அன்றிச் செம்மஞ்சளாக இருக்கும்.

பறக்கத் தொடங்கிய பின்னரும் சில வாரங்கள் தந்தை கொண்டுவரும் மீனையே இவை உண்கின்றன. மீன் பிடித்தலைப் பெற்றோர் கற்பிப்பதில்லை. பொதுவாகத் தாய் முதலில் வலசை செல்லும். இளம் பறவைகள் ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பரிலும் மேற்கு ஆப்பிரிக்காவை நோக்கித் தனித்தனியே புறப்படுகின்றன. அங்கேயே தங்கி, பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் வயதில் திரும்புகின்றன. பெரும்பாலானவை திரும்புவதில்லை. ஆகவே ஒரு கோடையின் வெற்றியைச் சில ஆண்டுகள் கழித்தே அறிய முடியும்.

கோடைகாலப் பறவை நோக்கல்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இளம் பறவைகளைக் காண இயலும். படகுகளிலிருந்தும், ஆர்ன் காப்பகத்தின் கரையிலிருந்தும் நோக்கர்கள் இவற்றைத் தேடுகின்றனர். வேர்ஹம் அருகிலுள்ள கூட்டை ஒளிப்படக் கருவி வழியே இணையத்திலும் காணலாம். 1981 ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி, கூட்டிலோ அதன் அருகிலோ இப்பறவைக்கு வேண்டுமென்றே இடையூறு செய்தல் குற்றமாகும். வளைய எண்ணைத் தொலைவிலிருந்து படித்துப் பதிவுசெய்வதே நோக்கர்கள் செய்யக்கூடிய முதன்மையான உதவி ஆகும்; திரும்பி வந்த பறவை எது என்பது அதன் வழியாகவே தெரியவருகிறது.