புணே புரந்தர் விமான நிலையம்: ரயில், மெட்ரோ, பேருந்து இணைப்புகளுக்கான வழிகள் என்ன?

மகாராஷ்டிர மாநிலம் புணே மாவட்டத்தின் புரந்தர் வட்டத்தில் புதிய சர்வதேச விமான நிலையம் அமைக்கும் திட்டத்தில், நிலம் கையகப்படுத்துதலுக்கு அடுத்த முக்கியக் கேள்வியாக இருப்பது பொதுப் போக்குவரத்து இணைப்பு ஆகும்.

தற்போதைய லோஹகாவ் விமான நிலையம் இந்திய விமானப்படைத் தளத்தில் இயங்கி வருகிறது. ஓடுபாதை விமானப்படையின் பயன்பாட்டிலும் உள்ளதால், பயணிகள் விமானங்களுக்குக் கிடைக்கும் நேரம் வரம்புக்குட்பட்டது. 2024 ஜூலையில் அங்கு புதிய முனையம் செயல்பாட்டுக்கு வந்தபோதிலும், இந்த வரம்பு நீங்கவில்லை.

புரந்தர் திட்டப் பகுதி நகரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ளது. பார்காவ், கானவடி, முஞ்சவடி, ஏகத்பூர், கும்பார்வளண், உதாச்சிவாடி, வன்புரி ஆகிய ஏழு கிராமங்களின் நிலங்கள் இதற்குத் தேவைப்படுகின்றன. 2,600 ஹெக்டேருக்கும் மேல் எனத் திட்டமிடப்பட்ட பரப்பு, விவசாயிகளின் எதிர்ப்பையடுத்து ஏறத்தாழ பாதியாகக் குறைக்கப்பட்டது.

சாலை

புணேயின் ஹடப்சர் பகுதியிலிருந்து சாஸ்வட் செல்லும் பிரதான சாலை, திவே மலைப்பாதை வழியாகச் செல்கிறது. ஆண்டுதோறும் ஆலந்தியிலிருந்து பண்டரிபுரம் செல்லும் ஞானேஸ்வரர் பல்லக்கு ஊர்வலமும் இவ்வழியே செல்வதால், அந்நாளில் பிற வாகனங்கள் மாற்றுப் பாதையில் திருப்பிவிடப்படுகின்றன. எனவே, இந்த ஒரு சாலையை மட்டும் நம்பி விமான நிலையப் பேருந்துகளை இயக்குவது போதுமானதாக இருக்காது.

ரயில்

புணே – மிரஜ் ரயில் பாதை புரந்தர் வட்டத்தின் வழியாகச் செல்கிறது. ராஜேவாடி, ஜேஜுரி நிலையங்கள் இந்த வட்டத்திலேயே உள்ளன. ஷிந்தவணே மலைப்பகுதியை வளைந்து ஏறிக் கடப்பதால் இப்பாதையில் வேகத்துக்கு எல்லை உண்டு. எனினும், ஏற்கெனவே உள்ள பாதை என்பதால், ஒரு நிலையத்திலிருந்து முனையத்துக்கு இணைப்புப் பேருந்து இயக்குவது குறைந்த செலவில் தொடங்கக்கூடிய ஏற்பாடாகும்.

மெட்ரோ

2022 மார்ச்சில் சேவையைத் தொடங்கிய புணே மெட்ரோ, 2024 செப்டம்பரில் ஸ்வார்கேட் வரை நீட்டிக்கப்பட்டது. கராடியிலிருந்து ஹடப்சர், ஸ்வார்கேட் வழியாகக் கடக்வாஸ்லா செல்லும் வழித்தடத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. சாஸ்வட் சாலை தொடங்கும் இடமான ஹடப்சர், எதிர்காலத்தில் விமான நிலையத் தடம் பிரிவதற்கு ஏற்ற இடமாகக் கருதத்தக்கது. ஹடப்சர் அருகே உள்ள 'சாஸ்வட் ரோடு' ரயில் நிலையம், பெயருக்கு மாறாக, சாஸ்வட் ஊரிலிருந்து வெகு தொலைவில் இருப்பதைப் பயணிகள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பிற நகரங்களின் அனுபவம்

பெங்களூருவின் கெம்பேகவுடா விமான நிலையம் 2008 மே மாதம் திறக்கப்பட்டது. அதற்கான மெட்ரோ வழித்தடத்துக்கு மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் கிடைத்தது 2021 ஏப்ரலில்தான். இடைப்பட்ட 13 ஆண்டுகளில் பொதுப் போக்குவரத்தின் சுமையைப் பெரும்பாலும் 'வாயு வஜ்ரா' பேருந்துகளே தாங்கின. விமான நிலையம் அருகே ரயில் நிறுத்தம் ஏற்பட்டதும் 2021 ஜனவரியில்தான்.

சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமையவுள்ள பரந்தூரிலும் நிலம் கையகப்படுத்துதலுக்கு எதிர்ப்பு நீடித்து வருகிறது. எனினும், பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை சுமார் 53 கி.மீ. நீளத்துக்கு மெட்ரோ நீட்டிப்புத் திட்டம் முன்கூட்டியே தயாரிக்கப்பட்டுள்ளது.

தடத்துக்கான நிலம்

விமான நிலையம் அறிவிக்கப்பட்டதும் சுற்றுப்புறங்களில் நிலத்தின் விலை உயர்வது வழக்கம். தடத்துக்கான நிலத்தைப் பின்னர் எடுக்க நேர்ந்தால் செலவு கூடும். விமான நிலையத்துக்கு ஒரு பகுதியை இழந்த குடும்பங்கள், ரயிலுக்காக எஞ்சியதையும் இழக்க நேரிடலாம். அத்திப்பழச் சாகுபடிக்குப் பெயர் பெற்ற புரந்தரில் இது வாழ்வாதாரப் பிரச்சினையாகும். இதனால், விமான நிலைய எல்லையுடன் இணைப்புத் தடங்களையும் ஒரே வரைபடத்தில் குறித்து, இழப்பீட்டையும் அதனுடன் சேர்த்து முடிவு செய்வது அவசியமாகிறது.