லாரன்ஸ் மார் எப்ரேம் தோட்டம் (இறப்பு: 1997)

சீரோ மலங்கரை கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர். மார்த்தாண்டம் மறைமாவட்டத்தின் முதல் ஆயர். 'மார்' என்பது ஆயர்களுக்குரிய சிரியாக் மொழி மரியாதைச் சொல். 1980இல் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தின் துணை ஆயரானார். அப்போது பேராயராக இருந்தவர் பெனடிக்ட் மார் கிரிகோரியோஸ்.

மார் இவானியோஸ் தலைமையில் 1930இல் தொடங்கிய, கத்தோலிக்கத் திருச்சபையுடனான மறு ஒன்றிப்பு, தென் திருவிதாங்கூரின் தமிழ் ஊர்களிலும் வேரூன்றியது. 1956இல் அவ்வூர்கள் அடங்கிய கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. ஆனால் அங்குள்ள மலங்கரைப் பங்குகள் மேலும் நாற்பது ஆண்டுகள் திருவனந்தபுரத்தின் கீழேயே இருந்தன. அந்த நீண்ட காத்திருப்பு முடிந்து, 1996 டிசம்பர் 16இல் அப்பங்குகளுக்கென மார்த்தாண்டம் தனி மறைமாவட்டமாயிற்று. அதன் பொறுப்பு மார் எப்ரேமிடம் வந்தது. நான்கு மாதங்கள்கூட நிறையாத நிலையில், 1997 ஏப்ரலில் காலமானார். பெரும் இழப்பு அது. 1998இல் யூஹானோன் மார் கிறிசோஸ்தம் அடுத்த ஆயரானார்.