கொங்கு நாட்டுப் பயில்முறை மேடையும் அதன் உடுப்புப் பெட்டியும்

வேறு தொழில்களில் இருப்பவர்கள் ஊதியம் கருதாமல், ஓய்வு நேரத்தில் ஒத்திகை பார்த்து, திருவிழாவிலோ ஆண்டு விழாவிலோ ஓரிரு இரவுகள் மட்டும் நடிக்கும் நாடகத்தைப் பயில்முறை நாடகம் என்பர். மக்கள் வழக்கில் அமெச்சூர் நாடகம் எனப்படுவதும் இதுவே. இதன் வரலாற்றில் ஆசிரியர்களுக்கும் பாடல்களுக்கும் கிடைத்த கவனம் உடுப்புக்குக் கிடைத்ததில்லை. ஆயினும் கொங்கு நாட்டில் ஓர் ஊர் எந்த நாடகத்தை ஆடும் என்பதைப் பல வேளைகளில் அவ்வூரார் விரும்பிய கதையைக் காட்டிலும் அவர்கள் கைக்கு எட்டிய உடுப்பே தீர்மானித்தது. ஆகையால் மேடையில் அணிந்த உடுப்பு யாருக்குச் சொந்தமாக இருந்தது என்ற கேள்வியைப் பின்தொடர்ந்தால், அந்நாடகங்களின் போக்கும் தெளிவாகிறது.

இக்கேள்விக்குப் பழைய விடை தெருக்கூத்தில் இருக்கிறது. சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரங்களில் ஆடப்படும் மேற்கத்திப் பாணிக் கூத்திலும், வட தமிழகக் கூத்திலும், ஜமா எனப்படும் ஆட்டக் குழுவின் பொதுச் சொத்தாகவே உடுப்பு இருந்தது. அதில் விலை மதிப்புள்ளது துணியன்று, கட்டையே. கனமில்லாத கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டிச் செய்த கிரீடம், தோளில் நிற்கும் புஜக்கீர்த்தி, மார்புப் பதக்கம் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டை என்று குறித்தனர். மரம் இலேசாக இருந்தால்தான் விடியும்வரை சுழன்று ஆட முடியும். சில்லுகள் இருந்தால்தான் தீவட்டியின் அசையும் ஒளி சிதறி, இருளில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் அரசன் அரசனாகத் தெரிவான். முகத்துக்கு அரிதாரமும் முத்துவெள்ளையும் எண்ணெயில் குழைத்துப் பூசப்பட்டன. இடுப்பைச் சுற்றி மடிமடியாகக் கட்டிய சேலைகள் பாவாடைபோல் விரிந்து நின்றன. ஊர் இளைஞர்கள் கூத்து வாத்தியாரிடம் பயின்று தாங்களே ஆட விரும்பினாலும், இக்கட்டைகளுக்காக ஏதேனும் ஒரு ஜமாவையே நாட வேண்டியிருந்ததால், அந்த ஜமாவிடம் எந்த வேடங்களுக்குக் கட்டை இருந்ததோ அந்தக் கதைகளே அவர்களுக்கும் வாய்த்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்கள் ஊர் ஊராகச் சுற்றி, தீட்டிய திரையையும் வெல்வெட்டில் சரிகை வேலை செய்த அங்கியையும் பரப்பின. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் வழக்கறிஞர்களும் அலுவலர்களும் உறுப்பினராகச் சேர்ந்ததால், நடிப்பு கற்றோருக்கும் ஏற்ற பொழுதுபோக்காயிற்று; பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்றனர். 1894இல் அச்சகம் தொடங்கிய ஓவியர் இரவி வர்மாவின் கடவுட் படங்கள் வீட்டுச் சுவர்களுக்கு வந்தபின், சரசுவதியும் சகுந்தலையும் எப்படி உடுத்தியிருப்பர் என்பதற்கு எல்லா ஊர்த் தையற்காரர்களுக்கும் ஒரே மாதிரி கிடைத்தது. அதனால் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டிருந்த வேடங்கள் ஒரு சாயலுக்குள் வந்தன என்பதை இழப்பாகவும் கருத இடமுண்டு.

கொங்கு நாட்டுக்கு இச்சாயலைக் கொண்டுவந்தவை பாய்ஸ் கம்பெனிகள், அதாவது சிறுவர்களைத் தங்கவைத்துப் பயிற்றுவித்த தொழில்முறைக் குழுக்கள். 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கோயம்புத்தூரில் கட்டிய வெரைட்டி ஹால் கேளிக்கைக்கு நிலையான கூரை தந்தது. உடுமலையில் முத்துசாமிக் கவிராயரிடம் நாடகம் பயின்ற நாராயண கவி பின்னர் திரைப்பாடலில் புகழ்பெற்றார். நாடகக் குழு நடத்திய டி.கே.எஸ். சகோதரர்கள் 1944இல் நாடகக் கலை மாநாட்டை ஈரோட்டில் கூட்டினர். கோயம்புத்தூரில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் எழுந்தபின், கம்பெனி நடிகர்களும் ஒப்பனைக்காரர்களும் படத்தொழிலுக்கு நகர்ந்தனர். ஊர் மேடையில் ராஜபார்ட், அதாவது அரசன் அல்லது கதைத்தலைவன் வேடம் ஏற்பவர், அதுவரை கம்பெனி நடிகரைப் பார்த்து உடுத்தினார். அதன்பின் படத்து நாயகனைப் பார்த்து உடுத்தினார்.

இந்த ஆசையை நிறைவேற்றியது வாடகை உடுப்பு. விடுதலைக்குப் பிந்தைய பல்லாண்டுகளில், மாரியம்மன் நோன்பையோ பொங்கலையோ ஒட்டி நாடகம் போட்ட ஊர்க்காரர்கள், பக்கத்து நகரத்திலிருந்து சீன் எனப்படும் திரைத்தொகுதியையும், டிரஸ்ஸையும், மேக்கப்காரரையும், பெண் வேடத்துக்கான நடிகையையும் வாடகை பேசி அழைத்துவருவது தமிழகம் முழுவதிலும் வழக்கமாயிற்று. உடுப்புப் பெட்டி வந்திறங்கும் மாலையில்தான் அணிபவர் யாவர், அவர் உடல்வாகு என்ன என்பது டிரஸ்காரருக்குத் தெரியவரும் ஆகையால், அவருடைய தொழில் நுட்பம் முழுவதும் இந்த ஒரு நெருக்கடியைச் சுற்றியே அமைந்தது. அங்கிகள் பெரிய அளவில் தைக்கப்பட்டு, முதுகுப்புறத்தில் பொத்தானுக்குப் பதிலாக நாடா வைக்கப்பட்டன. அதை இழுத்துக் கட்டினால் ஒல்லியான பள்ளி ஆசிரியருக்கும், தளர்த்தினால் பருத்த மளிகைக்கடைக்காரருக்கும் அதே அங்கி பொருந்தும். தையலின் உள்மடிப்பில் விரற்கடை அகலத்துக்கு மேலும் துணி விடப்பட்டது, தேவைப்படும்போது பிரித்து விரிப்பதற்காக. வெல்வெட்டைத் துவைக்க முடியாது. வியர்வை பட்டால் சரிகை கறுக்கும். எனவே உள்ளே பனியன் அணியாதவருக்கு அங்கி தரப்படாது, ஆட்டம் முடிந்த காலையில் உட்புறம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் உலர்த்திய பின்னரே பெட்டி பூட்டப்படும். வெளிச்சமும் கணக்கில் வந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்கில் கருநீலம் கறுப்பாகவே தெரியும் என்பதால், சிவப்பும் மஞ்சளும் பச்சையுமே அரசர்களுக்கு ஒதுக்கப்பட்டன. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவை வட்டாரத்தை எட்டி, பின்னர் மெல்ல மெல்ல ஊர்களுக்குப் பரவியபோது, அந்தக் கூர்மையான ஒளியில் பழைய சரிகையின் கறையும் ஒட்டுத்துணியும் பார்வைக்குத் தப்பவில்லை. இத்தனை கவனத்தோடு உழைத்த டிரஸ்காரரின் பெயர் துண்டறிக்கையின் கடைசி வரிகளில் இடம்பெற்றதோடு நின்றுவிட்டது நாடக வரலாற்றின் பெருங்குறை.

வாடகைச் செலவே, அன்றாட உடுப்பில் ஆடக்கூடிய சமூக நாடகத்துக்கும் ஒரு வாயிலைத் திறந்தது. நாட்டுப்பற்று நாடகங்களில், தெ. பொ. கிருஷ்ணசாமிப் பாவலரின் கதரின் வெற்றியைப் போல, துணியே கருப்பொருளாயிற்று. கதர் உற்பத்திக்குப் பேர்பெற்ற திருப்பூரைக் கொண்ட கொங்கு நாட்டில் அவ்வுடுப்புக்குப் பெட்டி தேவைப்பட்டிருக்காது. திராவிட இயக்கத்தார் மேடையைப் பிரசாரத்துக்குக் கைக்கொண்டபோது, வேட்டியும் துண்டும் சட்டையும் அணிந்தே பாத்திரங்கள் வாதிட முடிந்தது. எனினும் அரச உடுப்பின் கவர்ச்சி அவர்களையும் விடவில்லை. அண்ணா எழுதித் தாமே காகபட்டராக நடித்த சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம் அதற்குச் சான்று. வீட்டுத் துணியில் ஆடும் நாடகத்துக்கும் தனிச் சிக்கல் இருந்தது. கிழவி வேடம் ஏற்ற இளைஞர், கிராமத்து மூத்த பெண்களைப்போல் பின்கொசுவம் வைத்து, அதாவது மடிப்புகளை முதுகுப்புறம் வருமாறு செருகிக் கட்டவேண்டும். புராண வேடத்தில் தவறினால் பொறுத்துக்கொண்ட பார்வையாளர், தங்கள் பாட்டியின் கட்டு பிசகினால் உடனே கண்டுகொள்வர். ஆகவே அலங்காரம் எளிமையானபோது உற்றுநோக்கும் திறனுக்கே வேலை கூடியது என்று கொள்வதே பொருந்தும்.

தொலைக்காட்சி வந்தபின் ஊர் நாடகங்கள் அருகின. பயில்முறை ஆட்டத்தின் வேகம் இன்று கொங்கு நாட்டில் வள்ளிக் கும்மியில் தெரிகிறது. முருகன், வள்ளி திருமணக் கதையைப் பாடி வட்டமாக ஆடும் இக்கலையில் ஆண்களே மிகுந்திருந்த நிலையை மாற்றிப் பெண்களுக்கும் கற்பித்த கோவை மாவட்டக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இங்கே அரசனும் அரசியும் தனித்துத் தெரியவேண்டியதில்லை. நூற்றுக்கணக்கானோர் ஒருமித்து அடியெடுத்து வைப்பதே காட்சி என்பதால், பெண்களுக்கு ஒரே நிறச் சேலையும் ஆண்களுக்கு வேட்டியும் காற்சலங்கையும் போதும். சேலையைக் குழுவாகத் தேர்ந்தெடுத்தாலும் அது அணிபவரின் சொந்தமாகவே இருந்து, அரங்கேற்றம் முடிந்ததும் அவரவர் வீட்டுப் பீரோவுக்குப் போய்விடுகிறது. உடுப்பைக் கவனிக்கும் பொறுப்பாளருக்குப் பெட்டியோ வாடகைக் கணக்கோ இல்லை. ஆனால் அடுத்த திருவிழாவுக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் அதே நிறத்தில், அதே கரையில் சேலை கிடைக்குமா என்பதை நெசவாளரிடமோ ஜவுளிக் கடையிலோ முன்கூட்டியே பேசிவைக்கும் வேலை அவருடையதாகிறது.