ஹூகுவாங் ரயில்வே கடன்

ஹூகுவாங் ரயில்வே கடன் என்பது சீனாவின் சிங் அரசு 1911 மே 20 அன்று பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நான்கு நாட்டு வங்கிகளிடம் வாங்கிய 60 லட்சம் பவுண்டு கடன். ஆண்டு வட்டி 5 விழுக்காடு, தவணை 40 ஆண்டுகள். ஹூபே, ஹூனான் மாகாணங்களின் உப்பு வரியும் உள்நாட்டுச் சுங்கமும் ஈடு. யாங்சி ஆற்றங்கரையிலுள்ள ஹான்கோவ், வூச்சாங் பகுதியிலிருந்து தெற்கே கான்டன் நோக்கியும் மேற்கே சிச்சுவான் நோக்கியும் இரு பாதைகள் அமைப்பதே நோக்கம்.

தெற்குப் பாதைக்கான உரிமையை 1898இல் ஓர் அமெரிக்க நிறுவனம் பெற்றிருந்தது. அதன் பங்குகளில் பெரும்பகுதி பெல்ஜியர் கைக்குப் போனதும் சீனத் தரப்பில் எதிர்ப்பு கிளம்பியது. ஆளுநர் ஜாங் ஜிடாங் 1905இல் 67.5 லட்சம் டாலர் கொடுத்து உரிமையை மீட்டார். அதற்கான பணத்தில் 11 லட்சம் பவுண்டு ஹாங்காங் அரசு தந்த கடன். பதிலுக்கு, இனி அயல்நாட்டுக் கடன் தேவைப்பட்டால் பிரிட்டனுக்கே முதல் வாய்ப்பு என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

அந்த வாக்கு நிலைக்கவில்லை. செலவின் மீது கடுமையான கண்காணிப்பு வேண்டும் என்று பிரிட்டிஷ் தரப்பில் பேச்சுவார்த்தை நடத்திய பிளாண்ட் பிடிவாதம் பிடிக்க, ஜாங் 1909இல் ஜெர்மன் வங்கியின் பக்கம் சாய்ந்தார். 1908இல் தியென்ஜின்–புகோவ் பாதைக்குக் கிடைத்த தளர்ந்த நிபந்தனைகளையே ஜெர்மானியர் தர முன்வந்தனர். கட்டுமானமும் நிர்வாகமும் சீனர் கையில் இருக்கும், ரயில்பாதையை அடகு வைக்க வேண்டியதில்லை என்பவை அவற்றின் சாரம். பிறகு ஐரோப்பியர் மூவரும் தமக்குள் சமரசம் செய்துகொண்டு, ஜூன் 6 அன்று முதற்கட்ட ஒப்பந்தம் போட்டனர்.

அப்போதுதான் அமெரிக்கா கதவைத் தட்டியது. சிச்சுவான் பாதைக்கு அயல் மூலதனம் தேடினால் தங்களைக் கலந்துகொள்வதாகச் சீனா முன்பே சொல்லியிருந்தது என்பது வாஷிங்டனின் வாதம். குடியரசுத் தலைவர் டாஃப்ட் ஜூலை 15 அன்று அரசப் பிரதிநிதி இளவரசர் சுன்னுக்கு நேரடியாகவே தந்தி அடித்தார். கடன் கொடுக்க இடம் கேட்டு ஒரு நாட்டின் தலைவரே மன்றாடியது விந்தைதான். ஆனால் போட்டி வட்டிக்காக மட்டும் நடக்கவில்லை. தலைமைப் பொறியாளர் எந்த நாட்டுக்காரர், தண்டவாளமும் இன்ஜினும் யாரிடம் வாங்கப்படும் என்பதில்தான் வங்கிகளை விடத் தூதரகங்கள் முறைத்துக்கொண்டன. அமெரிக்காவுக்குக் கால் பங்கு ஒதுக்கி, பாதையின் பகுதிகளைப் பிரிட்டிஷ், ஜெர்மன், அமெரிக்கப் பொறியாளருக்குப் பங்கிட இரண்டு ஆண்டுகள் ஓடின. ஜாங் ஜிடாங் 1909 அக்டோபரிலேயே இறந்துபோனார்.

இந்தத் தாமதத்தில் மாகாணங்கள் சும்மா இருக்கவில்லை. சிச்சுவானில் நிலவரியோடு கூடுதல் வரி தண்டி, அதை ரயில் கம்பெனிப் பங்காக வரவு வைத்தனர். அதனால் சிறு நில உடைமையாளர்கூடப் பங்குதாரர் ஆனார். அமைச்சர் ஷெங் சுவான்ஹுவாய் 1911 மே மாதத்தில் முக்கியப் பாதைகளை அரசுடைமையாக்கி, சில நாட்களில் நால்வர் கடனிலும் கையெழுத்திட்டார். கம்பெனிப் பணத்தில் ஒரு பகுதி ஷாங்காய் ஊகச் சந்தையில் தொலைந்திருந்தது. அந்த இழப்பை ஈடுகட்ட அரசு மறுத்தது. கடையடைப்பும் வரிமறுப்பும் பரவின. செப்டம்பர் 7 அன்று செங்டுவில் கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. கலகத்தை அடக்க ஹூபேயிலிருந்து படைகள் சிச்சுவானுக்கு அனுப்பப்பட்டதால் வூச்சாங் காவல் மெலிந்தது. அங்கே அக்டோபர் 10 அன்று வெடித்த கிளர்ச்சி சிங் பேரரசை வீழ்த்தியது.

ரஷ்யாவும் ஜப்பானும் 1912இல் சேர்ந்ததும் வங்கிக் குழுமம் ஆறாகியது. 1913 மார்ச்சில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனின் அரசு ஆதரவை விலக்கியதால் அமெரிக்க வங்கிகள் வெளியேறின. கான்டன்–ஹான்கோவ் பாதை 1936இல்தான் முழுமையடைந்தது. பத்திரங்களின் தவணை முடிந்த 1951இல் பெய்ஜிங்கில் இருந்த கம்யூனிஸ்ட் அரசு அசலைத் தரவில்லை. அமெரிக்கப் பத்திரதாரர்கள் 1979இல் அலபாமா நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் சீனா ஆஜராகாததால், 1982இல் சுமார் 4.1 கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பானது. அயல் அரசுகள் மீது வழக்குத் தொடர வழிவிட்ட 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1911ஆம் ஆண்டுக் கடனுக்குப் பொருந்தாது என்று கூறி, அதே நீதிமன்றம் 1984இல் அத்தீர்ப்பை ரத்து செய்தது.