குதிரையின் இதயமும் அம்மம்மாவின் கையும்

கிளினிக்கில பிறஷர் பார்க்கேக்க அம்மம்மா கையைத் தொங்கவிட்டபடிதான் இருப்பா. "கூடிப்போச்சு" எண்டால் அண்டைக்கு நித்திரை இல்லை.

இந்த அளவீட்டின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு பெண்குதிரையை மல்லாத்திக் கட்டி, அதன் நாடியில் கண்ணாடிக் குழாய் பொருத்தினார். இரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறியது. அந்த உயரத்தை அவர் இதய மட்டத்திலிருந்தே அளந்தார். 1733இல் நூலாக வெளியிட்டார்.

1896இல் ரிவா-ரொச்சி கைப்பட்டியைத் தந்தார். 1905இல் கொரோட்கோவ் ஸ்டெதஸ்கோப் வைத்து அளக்கும் முறையைச் சொன்னார். கருவிகள் மாறின, இதய மட்டம் மாறவில்லை. கை அதற்கு 10 சென்ரிமீற்றர் கீழே இருந்தால், அழுத்தம் ஏறத்தாழ 8 மி.மீ. இரசம் கூடுதலாகக் காட்டும்.

அதால, கதிரையில சாய்ஞ்சு, காலைக் குறுக்க போடாமல், கையை மேசையில வைச்சிருங்கோ. குளிசையைக் கூட்டுறதுக்கு முதல் இன்னொருக்கா அளக்கச் சொல்லிக் கேளுங்கோ.