கொல்கத்தாவும் குருத்தணு மாற்றும்: யாரை யாரோடு ஒப்பிடுவது?

ஒரு சிகிச்சை பலித்ததா என்று கேட்பதற்கு முன்னால், அது யாருக்குக் கொடுக்கப்பட்டது, அவர்கள் யாரோடு ஒப்பிடப்பட்டார்கள் என்று கேட்க வேண்டும். கொல்கத்தா இந்தப் பாடத்தை 1894இலேயே கற்றது. காலரா தடுப்பூசியோடு அங்கே வந்த வால்டெமர் ஹாஃப்கின், காட்டல் பகான் என்ற குடிசைப் பகுதியில் சுமார் 200 பேரில் 116 பேருக்கு ஊசி போட்டார். அதன்பின் அங்கே காலரா கண்ட 10 பேரும், அவர்களில் இறந்துபோன 7 பேரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள். ஒரே இடத்தில் ஒரே விதமாக வாழ்ந்தவர்களை ஒப்பிட்டதால்தான் அத்தனை சிறிய எண்ணிக்கைக்கும் ஒரு மதிப்பு கிடைத்தது. ரத்தக் கோளாறுகளுக்கான குருத்தணு மாற்று சிகிச்சையின் வரலாற்றையும் இந்தக் கண்கொண்டே பார்க்க வேண்டும். வேறொரு நாட்டு நோயாளிகளிடம் கிடைத்த முடிவு வங்காளத்துக் குழந்தைக்கு அப்படியே பொருந்திவிடாது. இங்குள்ள நோயாளிகளிடமே அதைச் சோதித்துப் பார்த்தாக வேண்டும்.

அந்தக் கோளாறுகளில் ஒன்றான, பரம்பரையாக வரும் தாலசீமியாவின் இந்தியக் கதை தொடங்குவதே கொல்கத்தாவில்தான். தாலசீமியா இந்தியாவில் முதன்முதலில் பதிவானது 1938இல், அந்நகரத்து மருத்துவர் முகர்ஜியின் கட்டுரையில். இந்நோயாளிகளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்; நாட்டின் முதல் ரத்த வங்கியும், போர்க்காலத் தேவைக்காக, 1942இல் அங்குள்ள அகில இந்திய சுகாதார, பொது நலவாழ்வு நிறுவனத்தில் அமைந்தது. 1950களில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஜோதிபூஷண் சட்டர்ஜியும் அவரது சகாக்களும் வங்காளிகளிடையே ஹீமோகுளோபின் ஈ என்ற மாறுபாட்டை ஆராய்ந்தார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து அதுவும் மற்றவரிடமிருந்து பீட்டா தாலசீமியாவும் வந்து சேர்ந்தால் பிள்ளைக்கு நோய் வருகிறது. ஆனால் அதன் கடுமை ஆளுக்கு ஆள் மாறும்: ஒருவருக்கு மாதந்தோறும் ரத்தம் ஏற்ற வேண்டும், இன்னொருவர் ரத்தமே ஏற்றாமல் நடுவயதைத் தொடுவார். யாருக்கு மாற்று சிகிச்சை வேண்டும், யாருக்கு வேண்டாம் என்ற கேள்வி இங்கேதான் கடினமாகிறது. மத்தியதரைக்கடல் நாடுகளின் நோயாளிகளை வைத்து அதற்கு விடை காண முடியாது. அங்கே இந்தக் கலப்பு வகை அரிது.

குருத்தணு மாற்றின் முதல் வடிவமான எலும்பு மஜ்ஜை மாற்றை மருத்துவமாக வளர்த்தெடுத்து 1990இல் நோபல் பரிசு பெற்றவர் அமெரிக்காவின் டொனால் தாமஸ். தாலசீமியாவுக்கு அது 1981இல் சியாட்டிலிலும் இத்தாலியின் பெசாரோ நகரிலும் தொடங்கியது. இந்த சிகிச்சையில் சீட்டுக் குலுக்கி நோயாளிகளை இரு பிரிவாக்குவது எளிதல்ல. பொருந்துகிற உடன்பிறப்பு இருக்கிறாரா என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது, ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் அந்த வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். அதனால் சேர்க்கப்பட்டவர்களின் உடல்நிலை என்ன என்பது முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பெசாரோவின் லூக்கரெல்லி குழு கல்லீரல் வீக்கம், கல்லீரல் தழும்பு, ரத்தம் ஏற்றுவதால் உடலில் தேங்கும் இரும்பை நீக்கும் சிகிச்சையின் ஒழுங்கு ஆகிய மூன்றையும் கொண்டு நோயாளிகளை மூன்று வகுப்பாகப் பிரித்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மாமன் சாண்டி தலைமையில் மஜ்ஜை மாற்று 1986இல் தொடங்கியபோது, ரத்தமும் இரும்பு நீக்கும் மருந்தும் ஒழுங்காகக் கிடைக்காமல் வளர்ந்த பிள்ளைகள் பலர் ஆபத்து மிகுந்த அந்த மூன்றாம் வகுப்பிலேயே வந்து குவிந்தார்கள். எல்லாரையும் ஒரே கூடையில் போட்டால் முடிவு தெளிவாகாது. வேலூர்க் குழு 2007இல் அந்த வகுப்பையே பிரித்தது: ஏழு வயதைத் தாண்டி, கல்லீரலும் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வீங்கியிருந்தவர்களுக்குத்தான் ஆபத்து மிகுதி. அவர்களுக்காக புசல்ஃபான் என்ற மருந்துக்குப் பதில் டிரியோசல்ஃபான் கொண்டு மாற்றுக்கு முன் உடலைத் தயார்படுத்தும் முறையைப் பயன்படுத்தி, மேம்பட்ட முடிவுகளை 2013இல் வெளியிட்டது. நோயாளிகளில் வங்காளிகளும் உண்டு. கொல்கத்தாவிலிருந்து வேலூருக்கு ரயிலேறுவது பல குடும்பங்களுக்கு வழக்கமாகவே இருந்தது. 2011இல் கொல்கத்தா நியூ டவுனில் டாடா மருத்துவ மையம் திறக்கப்பட்டபோது அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் அதே மாமன் சாண்டி. நாட்டில் இந்த நோயை முதலில் எழுதிவைத்த நகரம், அதை முற்றாகக் குணமாக்கும் சிகிச்சைக்காகத் தலைமுறைகள் காத்திருந்தது.

மாற்று சிகிச்சைக்கு ஆகும் செலவை நோய்த் தடுப்பில் போடலாமே என்ற ஆட்சேபம் நியாயமானது. 1970களில் தொடங்கிய பரிசோதனைத் திட்டத்தால் சைப்ரஸ் தாலசீமியாவோடு பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையை ஏறத்தாழ இல்லாமலேயே ஆக்கியது. மேற்கு வங்கமும் இந்தப் பாதையில் வேகமாகப் போக வேண்டும். ஆனால் தடுப்பு, ஏற்கெனவே பிறந்துவிட்ட குழந்தைக்கு எதுவும் செய்யாது. அதோடு, பாதுகாப்பான ரத்தத்திற்கும் இரும்பு நீக்கும் மருந்துக்கும் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் மாற்று சிகிச்சையின் ஆபத்தையும் குறைக்கிறது என்பதை வேலூரின் எண்கள் காட்டிவிட்டன. ஏழைகளைச் சோதனைக்கு ஆளாக்குகிறோமே என்பது இன்னும் கூர்மையான ஆட்சேபம். காலனி ஆட்சியில் குடிசைவாசிக்கு மறுக்கும் வலிமை எவ்வளவு இருந்தது என்று கேட்டால், ஹாஃப்கினின் சோதனை இன்றைய அளவுகோலில் தேறாது. ஆனால் சோதனையை விட்டால் எஞ்சுவது பாதுகாப்பு அல்ல; பதிவும் கண்காணிப்பும் இல்லாமல் குருத்தணு சிகிச்சை விற்கும் சந்தைதான். அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், ரத்தக் கோளாறு போன்ற ஏற்கப்பட்ட பயன்பாடுகள் தவிர மற்ற அனைத்தையும் அனுமதி பெற்ற சோதனைக்குள் மட்டுமே செய்யலாம் என்றது.

சிகிச்சை மறுபடி ஒரு படி முன்னே நகர்கிறது. நோயாளியின் சொந்தக் குருத்தணுவிலேயே மரபணுவைச் சேர்த்தோ திருத்தியோ, அதைத் திரும்ப ஏற்றும் முறை வந்துவிட்டது. ஹீமோஃபீலியா ஏ என்ற ரத்த உறைவுக் கோளாறு கடுமையாக உள்ள ஐந்து பேரிடம் வேலூரில் நடந்த அத்தகைய சோதனையின் முடிவு 2024இல் வெளியானது; கண்காணித்த காலத்தில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை. தாலசீமியாவுக்கான மரபணு சிகிச்சைகள் மேலை நாடுகளில் ஒப்புதல் பெற்றுவிட்டன. அவை இங்கே வரும்போது ஹீமோகுளோபின் ஈ கலப்பு நோயாளிகளின் நீண்டகாலப் பதிவேடு கொல்கத்தாவில் தயாராக இருக்க வேண்டும். சட்டர்ஜி தொடங்கிய கணக்கை விட்ட இடத்திலிருந்து தொடர்வதுதான் அந்தப் பதிவேடு. அது இல்லாமல் வரும் சிகிச்சை, பலித்தாலும் யாருக்குப் பலித்தது என்று நமக்குத் தெரியாது; தெரியாத வரை அடுத்த குழந்தையின் பெற்றோரிடம் எந்த மருத்துவராலும் நேர்மையாக ஒரு வாக்குறுதி தர முடியாது.