எட்டரை மணிப் பேருந்து

திருவிடைமருதூரில் இருக்கும் என் அக்கா மகள், இயற்பியல் இரண்டாமாண்டு படித்தபோது யுனிவர்சிட்டி பிசிக்ஸ் காம்பெட்டிஷனில் கலந்துகொண்டாள். 2010 முதல் நடக்கும் போட்டி. அதிகபட்சம் மூன்று பேர் ஓர் அணி. தரப்படும் இரண்டு கேள்விகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, 48 மணி நேரத்துக்குள் ஆய்வுக் கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். அணிக்கு வெளியே யாரிடமும் உதவி கேட்கக் கூடாது.

48 மணி நேரத்துக்குள் இரண்டு இரவுகள் இருக்கின்றன என்று வீட்டில் கடைசியில்தான் கணக்குப் போட்டார்கள். அணியிலிருந்த பையன் ஆய்வகத்தில் தங்கினான். இன்னொரு பெண் விடுதிக் கதவு பூட்டுமுன் ஓடினாள். இவள் எட்டரை மணிப் பேருந்தில் வீடு வந்தாள். கட்டுரையில் மூன்று பெயரும் இருந்தன.

“அவன் போட்ட சமன்பாடு தப்பில்ல சித்தி. ஏன் அதுன்னு சண்டை போட நான் அங்க இல்ல.”

எனக்கு அன்னா மணியின் நினைவு வந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்து, 1940-இல் பெங்களூரில் சி.வி.ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தவர். வைரங்களின் நிறமாலையை ஒளிப்படத் தகட்டில் பதிக்க 15 முதல் 20 மணி நேரம் பிடிக்கும். பல இரவுகள் அவர் ஆய்வகத்திலேயே கழித்தார். இரவு கிடைத்தது, பேச்சுத்துணை கிடைக்கவில்லை. ஆண் மாணவர்களும் பெண் மாணவர்களும் கலந்து பழகுவதை ராமன் அனுமதிக்கவில்லை. சக ஆய்வாளர்களோடு சகஜமாக விவாதிக்க வழியில்லாமல் போயிற்று. 1933-இல் கமலா சொஹோனியைப் பெண் என்பதற்காகவே முதலில் மறுத்தவரும் இதே ராமன்தான். திருவானைக்காவலில் பிறந்த காவிரிக்கரைக்காரர் என்று நாம் சொந்தம் கொண்டாடும் இவர், 1928-இல் தம் பெயர் தாங்கிய விளைவைக் கண்டது கே.எஸ்.கிருஷ்ணனோடு சேர்ந்து உழைத்துத்தான்.

1942-க்கும் 1945-க்கும் இடையில் மணி ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். ஐந்திலும் அவர் பெயர் மட்டுமே. வகுப்பில் இதைப் பெருமையாகச் சொல்லிவந்திருக்கிறேன். ஒற்றைப் பெயர் எதையும் நிரூபித்துவிடாதுதான், ஆனாலும் இப்போது அதில் வேறொன்றும் தெரிகிறது.

1945-இல் அவர் அளித்த ஆய்வேட்டுக்கு, எம்.எஸ்ஸி. பட்டம் இல்லையென்று சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்தது. (என் பெயருக்கு முன் ‘முனைவர்’ போடும்போது கொஞ்சம் கூசும்.) இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகள் பற்றிக் கற்றுத் திரும்பி, 1948-இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார்.

மறுவருடப் போட்டிக்கு அக்காவே பாயும் பிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு இரண்டு பெண்களுக்கும் துணையாகப் போனாள். இரண்டு இரவும் ஆய்வக வாசலில் படுக்கை. உள்ளே அதுகள் மூன்றும் போட்ட சத்தத்தில் கண்ணே மூடவில்லை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.